கிரேக்கம் தெரியாமல் நிக்கோசியா வகுப்பறைக்குள் போகிறவருக்கு

ஜெர்மனியில் ஆசிரியர் பயிற்சியின் மூன்றாம் ஆண்டு, செப்டம்பரில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத் திட்டம் வழியாக ஒரு பருவம் சைப்ரஸ் தலைநகர் நிக்கோசியாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் பயிற்சி, கிரேக்க எழுத்துகூடத் தெரியாது. இப்படித் தொடங்கி வீடு, பஸ், சாப்பாடு, கடதாசி வேலை என்று வரிசையாகக் கேட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரே ஒரு வரி: "பாஷை தெரியாத என்னைப் பிள்ளைகள் டீச்சராக ஏற்றுக்கொள்வார்களா?" நீங்கள் கேட்க வந்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. மற்றவற்றுக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாக.

நானும் உங்களைப் போல ஒரு பருவத்துக்கு வந்தவள்தான். படிப்பு முடிந்ததும் திரும்பி வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான துணை வகுப்புகளில் 12 வருடம் வேலை செய்தேன். அந்தக் காலத்தில் பயிற்சி மாணவர்கள் பலர் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பழகிப் போயிருக்கிறார்கள். ஆனால் என் அனுபவம் முழுக்க நிக்கோசியாவின் தொடக்கப் பள்ளிகள். மலைக் கிராமப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி பற்றியெல்லாம் நான் பேசினால் அது கேட்டறிந்ததாகத்தான் இருக்கும், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முதல் இரண்டு வாரத்திலேயே நடக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

மொழியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கேதான் வருகிறவர்கள் எல்லோரும் திகைத்துப் போகிறார்கள். ஜெர்மனியில் மூன்று மாதம் புத்தகம் வைத்துக் கிரேக்கம் படித்துவிட்டு வந்தவர்கள்கூட முதல் நாள் பள்ளி முற்றத்தில் நின்று "இது வேறு பாஷையா?" என்று கேட்டிருக்கிறார்கள். காரணம் இதுதான்: சைப்ரஸில் பாடப்புத்தகமும் செய்தியும் பொதுக் கிரேக்கத்தில் இருக்கும், வீடும் முற்றமும் சைப்ரஸ் பேச்சில் இருக்கும். புத்தகம் "தி கானிஸ்" (எப்படி இருக்கிறாய்) என்று சொல்லித்தரும், பிள்ளை "இண்டாம்பு காம்னிஸ்" என்று கேட்கும். "கெ" என்ற 'உம்' அங்கே "ஜெ" ஆகிவிடும். ஆசிரியர்களும் பாடம் நடத்தும்போது பொதுக் கிரேக்கம், பகிடி விடும்போதும் ஏசும்போதும் சைப்ரஸ் பேச்சு என்று நொடிக்கு நொடி மாறுவார்கள்.

இது ஜெர்மன் மாணவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி, ஆனால் இலங்கைத் தமிழரான நமக்கு அப்படி இருக்கத் தேவையில்லை. "நான் போகிறேன்" என்று எழுதிவிட்டு "நான் போறன்" என்று சொல்கிறவர்கள் நாம். 1959-ல் சார்ள்ஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் ஒரே சமூகத்தில் எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்று இரண்டு வழக்குகள் இருப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு முக்கிய உதாரணங்களில் கிரேக்கமும் ஒன்று. கிரீஸில் பழைய தூய நடையை 1976-ல் அரசு கைவிட்டுவிட்டது. சைப்ரஸில் பொது மொழிக்கும் ஊர்ப் பேச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால் என் ஆலோசனை: பேசுவதற்குப் பொதுக் கிரேக்கம் கற்றுக்கொள்ளுங்கள், காதுக்கு ஊர்ப் பேச்சைப் பழக்குங்கள். நீங்கள் ஊர்ப் பேச்சைப் பேச முயன்றால் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், ஆனால் உங்கள் பொறுப்பாசிரியருக்கு அது பிடிக்குமா என்பது ஆளைப் பொறுத்தது. முதலில் அவரிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு நல்ல செய்தி உச்சரிப்பில் இருக்கிறது. ஏதென்ஸ்காரர்கள் எழுத்தில் இரட்டித்து வரும் மெய்யை ஒற்றையாகத்தான் சொல்வார்கள். சைப்ரஸ்காரர்கள் நாம் பட்டு, பல்லு என்று அழுத்துவதைப் போல அழுத்திச் சொல்வார்கள். ஜெர்மன் தோழிகள் மாதக்கணக்கில் திணறும் இடம் அது, நமக்கு நாக்கிலேயே இருக்கிறது. "அது" என்பதில் வரும் த, "அகலம்" என்பதில் வரும் க, இவற்றுக்கு மிக அருகில் நிற்கும் ஒலிகள் கிரேக்கத்தில் உண்டு. கிரேக்கத்தில் 'ப' என்று அதிரும் ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, ம்-உம் ப்-உம் சேர்த்துத்தான் எழுதுவார்கள். கம்பம், அம்பு என்று எழுதிப் பழகிய நமக்கு இது புதிதாகவே தோன்றாது. எழுத்து ஒரு வாரத்தில் வந்துவிடும். ரோமன் எழுத்தைப் போலத் தோன்றி வேறு ஒலி தருகிற சிலதை மட்டும் கவனியுங்கள்: எச் போல இருப்பது இ, எக்ஸ் போல இருப்பது ஹ.

நாம் தவறுவது அழுத்தத்தில். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் பொருள் மாறாது, கிரேக்கத்தில் மாறும். "பொத்தெ" என்பதில் முதல் அசையை ஓங்கினால் 'எப்போது', கடைசி அசையை ஓங்கினால் 'ஒருபோதும் இல்லை'. நான் முதல் வாரம் மூன்றாம் வகுப்பில் இடைவேளை எப்போது என்று கேட்க நினைத்துப் பின் அசையை அழுத்திவிட்டேன். "இடைவேளை ஒருபோதும் இல்லை" என்று புது டீச்சர் சொன்னதாக 20 பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பையன் எழுந்து வந்து கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, அழுத்தக் குறியை முதல் உயிரெழுத்தின் மேல் வைத்துக் காட்டினான். அன்றிலிருந்து தினமும் காலையில் பத்து நிமிடம் அவர்கள் எனக்குக் கற்பித்தார்கள், நான் சொல்லச் சொல்லத் திருத்தினார்கள். பாஷை தெரியாத ஆசிரியரைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளும் வழி எனக்குத் தெரிந்தவரை இதுதான்: தெரியாததை மறைக்காமல், ஒழுங்காகக் கற்கிறவர் எப்படி இருப்பார் என்பதை அவர்கள் கண் முன்னால் செய்து காட்டுவது.

குறிப்பாக முதலாம் வகுப்பு கிடைத்தால் மிகவும் நல்லது. கிரேக்கத்தில் 'இ' என்ற ஒரே ஒலிக்கு ஐந்து விதமான எழுத்து இருக்கிறது. நம் பிள்ளைகள் ல, ள, ழ-வில் அல்லாடுவதைப் போல அங்கே ஆறு வயதுப் பிள்ளைகள் இந்த 'இ'-க்களில் அல்லாடுவார்கள். சொல்வதெழுதுதல் நடக்கும்போது நீங்களும் ஒரு கொப்பி எடுத்துப் பின் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுங்கள், பிறகு பக்கத்துப் பிள்ளையோடு மாற்றித் திருத்துங்கள். மூன்றாம் வகுப்பு வரை இது நன்றாக வேலை செய்வதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்பில் நிச்சயமாகச் சொல்ல மாட்டேன். அந்த வயதில் உங்கள் பிழை சில வகுப்புகளில் கேலியாகிவிடும். அங்கே நீங்கள் நன்றாக அறிந்த ஒன்றோடு உள்ளே போங்கள், கணக்கோ, கைவேலையோ, பாட்டோ.

நான் மேல் வகுப்புகளில் மிளகை எடுத்துக்கொண்டு போவேன். மிளகுக்குக் கிரேக்கச் சொல் "பிப்பெரி", அது இந்தியாவின் "பிப்பலி"யிலிருந்து போனது என்பது உறுதி. யவனர் கப்பலில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடலே சொல்கிறது. ஒரு பிடி மிளகையும் ஒரு வரைபடத்தையும் வைத்து 40 நிமிடத்தை நிரப்பிவிடலாம். ஆனால் அவர்களுடைய "ரிஸி" நம் அரிசியிலிருந்து வந்தது என்று நம்மவர்கள் ஆசையோடு சொல்வதை வகுப்பில் சொல்லாதீர்கள். அறிஞர்களுக்குள் அதில் ஒருமித்த கருத்து இல்லை, பிள்ளைகளிடம் உறுதியானதை மட்டும் கொடுப்போம்.

கை, தலை அசைவைப் பற்றி ஒருவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஐந்து நிமிடம் என்று காட்ட விரித்த உள்ளங்கையைப் பிள்ளைகள் பக்கம் நீட்டாதீர்கள், கிரேக்கர்களுக்கு அது முகத்துக்கு நேரே செய்யும் அவமதிப்பு. உள்ளங்கையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுங்கள். தலையை மேலே ஒரு வெட்டு வெட்டி, புருவத்தைத் தூக்கி, நாக்கால் "ச்" என்றால் அது 'இல்லை'. கோபமில்லை, வெறும் 'இல்லை'தான். 'ஆம்' என்பதற்கு அவர்கள் சொல்லும் "நே" ஜெர்மன் காதுக்கு 'இல்லை' போலவே விழும், அதற்கு ஒரு வாரம் ஆகும். அப்புறம் நம்முடைய தலையாட்டல். நான் சரி சரி என்று பக்கவாட்டில் ஆட்டியதை என் பொறுப்பாசிரியை, நான் எதற்கும் உடன்படவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒரு மாதம் மனதுக்குள் வைத்திருந்தார். "எந்தாக்ஸி" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள், நம் 'சரி' வரும் இடமெல்லாம் அது வரும்.

பள்ளி காலை 7:45-க்குத் தொடங்கி மதியம் 1:05-க்கு முடியும். பாடவேளை 40 நிமிடம், வாரத்துக்கு 35. உங்களைப் பிள்ளைகள் "கிரியா" என்று கூப்பிடுவார்கள், நம் மிஸ் மாதிரி. "இசிஹியா" (அமைதி), "கதீஸ்தெ" (உட்காருங்கள்), "அனிக்ஸ்தெ தா விவ்லியா" (புத்தகத்தைத் திறங்கள்), "எலாதெ" (வாருங்கள்), இவற்றை விமானத்தில் ஏறும் முன்பே வாயில் பழக்கிவிடுங்கள். காலைப் பிரார்த்தனை இருக்கும், மரியாதையாக எழுந்து நின்றால் போதும், சிலுவைக் குறி போட வேண்டியதில்லை. தனியாகப் பாடம் நடத்த எவ்வளவு நேரம் விடுவார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், அதை வைத்து மனம் உடையாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம், நீங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் தயாராகாமல் வந்தால் வலிக்கும். சைப்ரஸில் பல வீடுகளில் வயதானவர்களைப் பார்க்கவும் வீட்டு வேலைக்கும் இலங்கை, பிலிப்பைன்ஸ், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களை "கொப்பெல்லா மாஸ்" என்பார்கள், எங்கள் பெண் என்று அர்த்தம். ஐம்பது வயதுப் பெண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள். நம் நிறத்தில் ஒரு பெண் தெருவில் நடந்தால் பலருக்கு முதலில் தோன்றுவது அதுதான். தொலைபேசியில் அன்பாகப் பேசிய ஒரு வீட்டுக்காரம்மா என்னை வாசலில் பார்த்ததும் "யார் வீட்டில் வேலை செய்கிறாய்?" என்று கேட்டார்.

வகுப்பிலும் நடந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு சின்னப் பெண், "கிரியா, நீ எங்கள் கொப்பெல்லாவின் தங்கையா?" என்று கேட்டாள். அவள் குரலில் ஒரு கள்ளமும் இல்லை. நான் அவசரமாக "இல்லை, நான் டீச்சர்" என்றேன். சொன்ன கணமே வெட்கமாகிவிட்டது. டீச்சர் என்றால் அந்தப் பெண்ணைவிட மேல் என்று ஒரு வகுப்பு முழுவதற்கும் கற்பித்துவிட்டேன். மறுநாள் அந்தச் சிறுமியிடம், "உங்கள் வீட்டில் இருப்பவர் எந்த ஊர்?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தாள், குருநாகல். ஆசிய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி ஒரு நட்சத்திரம் ஒட்டினோம். வாரம் முடிவதற்குள் இன்னும் ஏழு நட்சத்திரங்கள், அதில் இரண்டு நேபாளத்தில், ஒன்று மணிலாவில். உங்களிடமும் யாராவது கேட்பார்கள். "நான் அவர்கள் இல்லை" என்று தொடங்காமல் பதில் சொல்ல இப்போதே யோசித்து வையுங்கள் தங்கச்சி.

இதில் எனக்கே சந்தேகம் தீராத ஒன்றும் உண்டு. கிரேக்கத்திலும் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இருக்கிறது, "எஸி" என்றும் "எஸிஸ்" என்றும். பெரியவர்கள் உங்களை "எஸி" என்பார்கள். நம் காதுக்கு அது சுருக்கென்று இருக்கும். ஆனால் சைப்ரஸ்காரர்கள் கடைக்காரரையும் பக்கத்து வீட்டு டாக்டரையும்கூடச் சீக்கிரமே "எஸி" என்பவர்கள். எது நெருக்கம், எது இளக்காரம் என்று முதல் மாதத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. அதே ஆள் மற்றவர்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

1974-ஐப் பற்றியும் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த வருடப் போரில் தீவு தெற்கில் கிரேக்கர், வடக்கில் துருக்கியர் என்று இரண்டாகி, நிக்கோசியாவின் நடுவே இன்றும் ஐநா காவலில் ஒரு இடைக்கோடு ஓடுகிறது. பள்ளிகளில் "தென் க்ஸெக்னோ", மறக்கமாட்டேன், என்ற வாசகத்தைக் காண்பீர்கள். இரு சமூகத்திலும் சேர்த்து 2,000 பேர் அளவில் காணாமல் போனவர்கள் பட்டியலில் இருந்தார்கள், எலும்புகளைத் தேடி எடுத்து அடையாளம் காணும் வேலை இன்னும் நடக்கிறது. உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் தாத்தா அந்தப் பட்டியலில் இருக்கலாம். நம் குடும்பங்களிலும் படம் மாட்டிக் காத்திருக்கிறவர்கள் உண்டு என்பதால் உடனே நம் கதையைச் சொல்லத் தோன்றும். ஆசிரியர் அறையில் அது ஒருநாள் தானாக வரும், அதுவரை கேளுங்கள். அந்தக் கோட்டைக் கடக்கும் லேட்ரா தெருக் கடவை 2008-லிருந்து திறந்திருக்கிறது, நடந்து மறுபக்கம் போய் வரலாம், ஆனால் தீவுக்குள் வருவது லார்னகா அல்லது பாபோஸ் விமான நிலையம் வழியாக மட்டும் இருக்கட்டும். வடக்கு விமான நிலையத்தைச் சைப்ரஸ் அரசு சட்டப்பூர்வமான நுழைவாக ஏற்பதில்லை.

கடதாசி வேலை: ஜெர்மன் குடியுரிமை இருந்தால், மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர்கள் வந்த நான்கு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், எல்லோரும் மஞ்சள் துண்டு என்று சொல்வது அதைத்தான். இலங்கைக் கடவுச்சீட்டு என்றால் கதை வேறு, விசாவையும் குடிவரவுப் பதிவையும் பல்கலைக்கழக எராஸ்மஸ் அலுவலகத்தோடு எழுத்தில் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பிள்ளைகளோடு வேலை செய்ய நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள், ஜெர்மனியிலேயே எடுத்து வாருங்கள்.

வீட்டைப் பள்ளிக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள், பஸ் மாலையிலும் ஞாயிறிலும் குறைவு. பிளக் பிரிட்டிஷ் மூன்று முனை, வண்டிகள் இடப்பக்கம். செப்டம்பர் வெயிலுக்குப் பருத்தி உடை, ஆனால் கம்பளிப் போர்வையை விடாதீர்கள். பல வீடுகளில் நடுவண் சூடேற்றி இல்லை, தரை பளிங்கு. ஜனவரியில் ஜெர்மன் வீட்டைவிட அங்கே வீட்டுக்குள் குளிரும்.

சாப்பாட்டில் கவலை வேண்டாம். நாம் கௌபி என்று சொல்லும் காராமணி அங்கே "லூவி", கீரையோடு அவித்து எலுமிச்சையும் ஒலிவ் எண்ணெயும் ஊற்றிச் சாப்பிடுவார்கள். சேப்பங்கிழங்கு "கொலொகாசி", தோல் சீவியபின் தண்ணீர் படாமல், கத்தியை ஊன்றித் துண்டு துண்டாக உடைத்துச் சமைப்பார்கள். மரக்கறிக்காரர் என்றால் "நிஸ்தீசிமோ" என்று கேளுங்கள், நோன்புச் சாப்பாடு, இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. ஆனால் நோன்பில் கணவாயும் இறாலும் உண்டு, அதை மறக்காமல் விசாரியுங்கள்.

தனிமை பற்றி ஒன்று. நான் பார்த்த பயிற்சி மாணவர்களில் மூன்றாம் வாரம் அழாதவர்கள் குறைவு. புதுமை தீர்ந்திருக்கும், மொழி வந்திருக்காது. அந்த வாரத்தில் அறைக்குள் அடைந்துவிடாமல் ஆசிரியர் அறையில் போய் உட்காருங்கள், எதுவும் புரியாவிட்டாலும். யாராவது பொட்டலத்தைப் பிரித்ததும் "கொப்பியாஸ்தெ" என்பார்கள், வாங்க சாப்பிடுங்கள் என்று நாம் சொல்வதேதான். மறுக்காமல் ஒரு துண்டு எடுங்கள். பெயர்நாள் (தன் பெயருள்ள புனிதரின் திருநாள்) என்று யாராவது இனிப்புக் கொண்டுவந்தால் "ஹ்ரோன்யா பொல்லா" (பல்லாண்டு வாழ்க) சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய நகரத்துப் பூங்காப் பக்கம் நடந்து பாருங்கள். விடுமுறை எடுத்த இலங்கைப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், பெரும்பாலும் சிங்களம் கேட்கும், சில நேரம் தமிழும். எனக்கு நிக்கோசியாவில் முதல் பிளேன்டீ கொடுத்தது அங்கே ஒரு அம்மாதான், வகுப்பறையில் எந்தச் சொல்லுக்குப் பிள்ளைகள் அடங்குவார்கள் என்று சொல்லித் தந்ததும் அவர்தான். இருபது வருடமாக ஒரு வீட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்த்தவர் அவர்.

எந்த வகுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எழுதுங்கள். முதலாம் வகுப்பென்றால் முதல் வாரத்துக்கு நான் வைத்திருக்கும் சொல் அட்டைகளைத் தமிழ் உச்சரிப்போடு, அழுத்தம் எங்கே விழும் என்று குறித்து அனுப்புகிறேன்.